கூடையின் மேல் காய்ந்த பட்டைகள்

பாப்பா, முதலில் நான் கவனித்தது ஒரு ரிப்பனைத்தான். நீல நிற நைலான் ரிப்பன், தீபாவளிக்கு வாங்கியது. கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சடையை மடித்துக் கட்ட அதை இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. துணி கிழிந்தால் நூல் நூலாகப் பிரியும். இது அப்படிப் பிரியவில்லை. காய்ந்த வெங்காயச் சருகு போல, சத்தமே இல்லாமல் இரண்டாக விட்டது. வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசி முனை அளவுக்குச் சின்னச் சின்னப் பொத்தல்கள் இருந்தன. அம்மாவிடம் காட்டினால் பண்டிகைக்கு வாங்கியதை அதற்குள் பாழாக்கிவிட்டாய் என்று திட்டுவாள் என்று பயந்து, இரண்டு துண்டுகளையும் மடித்துத் தாவணி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். பொங்கலுக்கு வந்திருந்தபோது சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நீ சொன்னாய்: ராணுவ விமானங்களுக்கு வரும் பொருள்கள் பறக்கத் தகுதியானவையா என்று சரிபார்த்து எழுதித் தருவதுதான் உன் கம்பெனியின் வேலை, ஏதோ ஒரு பாகத்துக்கு முன்பு போட்ட பசைக்குப் பதிலாக வேறு பசை போட்டிருக்கிறார்கள் என்று உனக்குச் சந்தேகம், கேட்டதற்கு, எல்லாம் பழையபடிதான், மாற்றம் இல்லை என்று எழுதிவிடு என்கிறார்கள். "என் கையெழுத்துக்கு என்னம்மா மதிப்பு, நானே கான்ட்ராக்ட். மாத்தியிருக்காங்கன்னு எழுதினா அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட மாட்டாங்க" என்றாய். அதற்கு உன் அப்பா, "பர்மனெண்ட் ஆகுற வரைக்கும் வாயத் தொறக்காதம்மா. நான் அப்படித்தான் காலம் தள்ளினேன்" என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். உன்னை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்து வரும்போது கால் வலியை விட அந்த ரசம்தான் எனக்கு அதிகமாக உறுத்தியது. எனக்கு இப்போதெல்லாம் நீளமாகப் பேசினால் மூச்சு வாங்குகிறது. எழுதினால் நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவைத் தவறாக நினைக்காதே. இந்த ஊரில் இரண்டு ஜாதிதான் உண்டு என்று அவர் விளையாட்டாகச் சொல்வார், பர்மனெண்ட் ஜாதி, கான்ட்ராக்ட் ஜாதி. அவர் இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்டாக இருந்த காலத்தில் ஷிப்டு முடிந்து வந்தால் முகத்தில் கரித்தூளோடு பேசாமல் உட்கார்ந்திருப்பார். பர்மனெண்ட் ஆன அன்று வீட்டுக்கு வந்து, ஒரு காரணமும் இல்லாமல், பக்கத்து வீட்டு ரேடியோ சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டார். அத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்த குரல் அது. அந்த மனிதர் உனக்குச் சொன்னது பயந்து சொன்னது இல்லை, பட்டுச் சொன்னது. ஆனால் நானும் ஒன்று பட்டிருக்கிறேன். அதை உன்னிடம் மட்டுமில்லை, அவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பதினாறு வயது. எழுபதுகளின் கடைசி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தார்கள். அம்மாவுக்கு இடுப்பு முடியாமல் போய், தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. நான் நின்றுபோனதை வகுப்பில் யாரும் கவனித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. வருகை எடுக்கும்போது நான் "உள்ளேன் ஐயா" என்று சொல்வது பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் வாங்கிய பெண் நான் ஒருத்திதான். தம்பி தங்கைகள் கொஞ்சம் வளர்ந்ததும் மந்தாரக்குப்பத்தில் ஒரு தையல் ஷெட்டில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். சுரங்கத்துக்கு வேண்டிய கித்தான் கையுறை, மெஷின்களை மூடும் படுதா, இவற்றைத் தைத்துக் கொடுக்கும் இடம். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. பெண்கள்தான் எல்லாரும். எங்களுக்கு மேலாக ராஜாமணி அக்கா. திருவதிகைப் பக்கம் பிறந்தவர், நாற்பதைத் தொட்டிருப்பார், வாய் ஓயாது. மெஷின் சத்தத்துக்கு மேலே அவர் குரல் போகும்.

அந்த வருஷம் எங்கள் முதலாளிக்கு ஒரு புது வேலை கிடைத்தது. ராணுவ விமானத்துக்குள் சாமான்களை ஏற்றி, நகராமல் கட்டி வைக்கும் நைலான் பட்டைகள். உள்ளங்கை அகலம் இருக்கும். இரண்டு பக்கமும் மடித்து, இரும்பு வளையத்தைக் கோத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தைக்க வேண்டும். ஒரு பெரிய கம்பெனி எடுத்த வேலையில் எங்களுக்கு வந்த சின்னத் துண்டு அது. முதலில் மாதிரிக்குச் சிலது தைத்து அனுப்பினோம். எங்கேயோ கொண்டுபோய் இழுத்தும் சூடாக்கியும் நனைத்தும் பார்த்து, சரி என்று சொன்னார்கள். அதன் பிறகு ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். நரைத்த தலை, பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்பு, சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. தேறிய மாதிரிப் பட்டை ஒன்றைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, இனி தைப்பதெல்லாம் அச்சாக இதே போல இருக்க வேண்டும், எதை மாற்றினாலும் முதலில் எங்களைக் கேட்க வேண்டும் என்றார். "ப்ளேன்ல பின்னாடி சாமான் இருக்கும்மா, முன்னாடி ஆளுங்க உட்கார்ந்திருப்பாங்க. நடுவுல உங்க பட்டைதான் இருக்கு" என்று எங்கள் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். ராஜாமணி அக்கா, "கேட்டுக்கினிங்களாடி? இனிமே எவளாவது கதை பேசிகினு கோணத் தையல் போட்டா, அவள அந்த ப்ளேன்லயே பின்னாடி கட்டி அனுப்பிடுவேன்" என்றார். இன்ஸ்பெக்டர்கூடச் சிரித்தார்.

தைத்து முடித்த பட்டைகளில் சுண்ணாம்புக் கோடும் மெஷின் எண்ணெயும் இருக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்துப் பிறகுதான் கட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். ஐப்பசி வரை ஒரு தொல்லையும் இல்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. கொடியில் போட்டது நாள் கணக்கில் சொத சொதவென்று தொங்கியது. முதலாளி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். அப்போது அக்காதான் சொன்னார்: "மழ நாள்ல வூட்டுல கொழந்தத் துணிய எப்பிடிங்க காயவெக்கிறோம்? அடுப்பு மேல கூடையக் கவுத்து விரிச்சி வுடறதில்ல? இது மட்டும் காயாதா? ஏரோப்ளேன் பட்டைன்னா என்னா, கொம்பா மொளச்சிருக்குது?"

எல்லார் வீட்டிலும் அப்படித்தான் செய்வோம். சுரங்கத்துக் கரி இந்த ஊரில் தண்ணீர் மாதிரி, யார் வீட்டு அடுப்பிலும் இருக்கும். தணலைக் குறைத்து, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் ஈரத்துணியை விரித்தால் மொறமொறவென்று காய்ந்துவிடும். தீக்குச்சி கிழித்தாற்போல் ஒரு மணம் துணியில் தங்கும். இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் மழைக்காலத்தில் அந்த மணம்தான். ஷெட்டிலும் பின்பக்கம் இரண்டு அடுப்பு வைத்தோம், கூடைகளைக் கவிழ்த்தோம், பட்டைகள் காய்ந்தன. முதலாளிக்கு அவ்வளவு சந்தோஷம். எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்து, "ராஜாமணி, இந்த லாட் மட்டும் பாஸ் ஆகட்டும், உனக்கும் உன் ஆளுங்களுக்கும் மாசச் சம்பளமே போட்டுடறேன்" என்றார். அக்கா கையில் இருந்த போண்டாவைச் சாப்பிடாமல் வைத்துக்கொண்டு, "நெசமாதான் சொல்றீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

அந்த வாரம்தான் என் ரிப்பன் அறுந்தது. வீட்டில் தினமும் தலையிலிருந்து அவிழ்த்த ஈர ரிப்பனைத் தம்பி சட்டையோடு கூடை மேல்தான் போடுவேன். சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பாவாடைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரிப்பன் மட்டும் போனது. ஷெட்டுக்கு நடந்து போகும் வழியில்தான், வரிசையாகக் கூடை மேல் விரித்திருக்கும் பட்டைகள் நினைவுக்கு வந்தன. அதுவும் நைலான், இதுவும் நைலான். வேறெதுவும் எனக்குத் தெரியாது பாப்பா. உன் மாதிரி படித்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும். எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது.

அக்காவின் மெஷின் பக்கத்தில் போய் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். "அக்கா, இதப் பாருங்களேன்."

"அடியே, இவ பேசறாடி!" என்று அக்கா மிதிப்பதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு மெஷினாக நின்றது. "என்னா இது, ரிப்பனா? யாரு புடிச்சி இழுத்தான்? மொதல்ல அவன் பேரச் சொல்லு, மத்தத அப்பறம் பேசிக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். என் காது மடல் எரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. "கூட மேல காயப்போட்டதுக்கா. தெனமும்" என்றேன். மற்றவர்கள் சிரிப்பு ஓயவில்லை, அக்கா மட்டும் சிரிப்பதை நிறுத்தினார். எழுந்து போய்க் கூடை மேலிருந்த ஒரு பட்டையை எடுத்து, ஒரு முனையைக் காலில் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். அது அசையவில்லை. "பாத்துக்கினியா? எரும மாட்டக் கட்டலாம் இதுல. உன் ரிப்பன் காத்து மாதிரி இருக்குது, ஊதினாலே பூடும். அதையும் இதையும் ஒண்ணா வெச்சிப் பேசறியே" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் ரிப்பன் துண்டுகளை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

டீ குடிக்கும் நேரத்தில் தனியாக என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தி அவர் பேசி நான் அன்றுதான் கேட்டேன். "நீ சொல்றது நெசமாவும் இருக்கலாம், இல்லாமலும் போவலாம். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணச் சொல்லி இத்தினி பேரு வயித்துல அடிக்கணுமா? எங்க வூட்டுக்காரரு சொரங்கத்துல கரி போற பெல்ட்டுல சிக்கி செத்தப்ப, கான்ட்ராக்ட் ஆளுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. மாசம் பொறந்தா சம்பளம்னு ஒண்ணு எனக்கு வேணும்டி. கேக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்ல." நான் தலையை ஆட்டினேன். அவர் தன் டம்ளரிலிருந்து பாதி டீயை என் டம்ளரில் ஊற்றிவிட்டுப் போனார். அந்த டீயை நான் குடித்தேன்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் மழை விட்டிருந்தது. வீட்டுக்கு விருந்தாள் வந்தால் என்ன செய்வோம்? அடுப்படிச் சாம்பலைக் கூட்டி, கரிப்பிடித்த சாமானை மூலையில் தள்ளி வைப்போம். அதையேதான் செய்தோம். அடுப்புகளை அணைத்து வெளியே கொல்லைக்குக் கொண்டு போனோம், கூடைகளை மூலையில் கவிழ்த்து அடுக்கினோம். மறைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை என்பதை நீ நம்ப வேண்டும். உன் ஆபீஸிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்பவர்கள் குறைவு. தினமும் வீட்டில் செய்வது ஒரு மாற்றம் என்று யாருக்கும் உறைக்காது.

அவர் மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையாகப் பார்த்தார். அகலம் அளந்தார், கண்ணாடி வைத்துத் தையலைப் பார்த்தார், வளையத்தை ஆட்டிப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. இழுத்துப் பார்க்கும் துண்டுகளை நைலான் சுருள் வந்து இறங்கிய அன்றே வெட்டி அனுப்பியிருந்தோம். அது சோப்புத் தண்ணீரையும் பார்க்கவில்லை, அடுப்பையும் பார்க்கவில்லை. அந்தச் சோதனையும் நன்றாகவே வந்திருந்தது. கடைசியாக, எழுந்திருப்பதற்கு முன், எல்லா இடத்திலும் கேட்கிற கேள்வியைக் கேட்பவர் போலக் கேட்டார்: "மாதிரிக்குத் தைச்சதுக்கும் இதுக்கும் எதாவது மாத்தியிருக்கீங்களா?"

"ஒண்ணுமே மாத்தல சார்" என்றார் முதலாளி. "அதே நூலு, அதே மிஷினு, அதே கை." மனசாரச் சொன்னார். சுவரில் தொங்கிய மாதிரியைக் கையால் தொட்டும் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் மைப்பெட்டியைத் திறந்து முத்திரையை எடுத்தார். ராஜாமணி அக்கா தையலிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கெஞ்சலும் இல்லை. டீயை ஊற்றிவிட்டுப் போனபோது இருந்த அதே முகம்தான்.

பிறகு வந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உன்னைக் காக்க வைத்துக் கதை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அந்த லாட்டைக் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தார்கள். பல பட்டைகள் தாங்கின. சில தாங்கவில்லை, மடிப்பின் பக்கத்தில் பட்டென்று விட்டுவிட்டன. கரிப் புகையில் கந்தகம் இருக்கிறது, ஈரத்தோடு சேர்ந்தால் அது நைலானைத் தின்றுவிடும் என்று இன்ஸ்பெக்டர் அடுத்த முறை வந்தபோது எங்களுக்குச் சொன்னார். எங்கள் மேல் அவர் கோபப்படவில்லை. "நானும் உங்க ஊருக்கு வந்து போறவன்தானே, எனக்கும் தோணலையே" என்றார். ஆனால் பட்டைகளை எல்லாம் வெட்டிப் போட்டார்கள், வேலையும் நின்றது. மறுபடி கையுறைக்கே போனோம். மாதச் சம்பளப் பேச்சு அதோடு போயிற்று. முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, மெச்சவும் இல்லை. நான் இருக்கும் பக்கம் பார்க்காமல் நடந்து போவார், அவ்வளவுதான். கொஞ்ச காலம் கழித்து, பட்டை காயவைக்கத் தனி அறை கட்டிய பிறகு, அந்த வேலை திரும்பி வந்தது. அதற்குள் ராஜாமணி அக்கா பண்ருட்டிக்கு முந்திரி உடைக்கப் போய்விட்டார்.

எனக்குக் கல்யாணமாகி, நீ வயிற்றில் இருந்தபோது, பண்ருட்டி பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் பாலில் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. அவரும் பார்த்துவிட்டார். மடியில் இருந்த பையை இழுத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். திருவதிகையில் இறங்கப் போகும்போது என் தலையைப் பார்த்து, "ரிப்பன் கட்றதில்லியா இப்பெல்லாம்?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கிச் சடையைத் தொடுவதற்குள் இறங்கிப் போய்விட்டார். அந்தப் பட்டைகள் போயிருக்கக்கூடிய விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் முகமும் எனக்குத் தெரியாது. அவர்கள் யாரும் வந்து என்னிடம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரிந்தது அக்காவின் விரல்கள்தான். நீ உண்மையை எழுதினால் உனக்கும் இப்படி ஏதாவது ஒன்று மிஞ்சும். அது தெரியாமல் நீ எழுதக் கூடாது என்பதால்தான் இதையும் சேர்த்துச் சொன்னேன். கான்ட்ராக்ட் முடிந்து நீ பெட்டியோடு இங்கே வந்து நின்றால் அப்பா முணுமுணுப்பார், பிறகு அவரே போய் உனக்குப் பலாப்பழம் வாங்கி வருவார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கை வலிக்கிறது. விட்ட இடத்துக்கு வருகிறேன். இன்ஸ்பெக்டர் முத்திரையை மையில் ஒற்றினார். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வகுப்பில் வராத அதே குரல், அன்றும் வரவில்லை. எழுந்தேன். மடியில் இருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது, எல்லாரும் திரும்பினார்கள். மூலைக்குப் போய், அடுக்கின் மேலே இருந்த மூங்கில் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டில் அடுப்பு மேல் எப்படி வைப்பேனோ அப்படியே, அவர் மேசைக்கு முன்னால் தரையில் கவிழ்த்து வைத்தேன். அவர் கை அப்படியே நின்றது. பட்டை ஒன்றை எடுத்துக் கூடையின் மேல் விரித்தேன். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, ரிப்பனின் இரண்டு துண்டுகளையும் அந்தப் பட்டையின் பக்கத்தில் வைத்தேன்.